கண்ணாடிக்குள் ஒலி தேயும் நயம்

குவார்ட்ஸ் படிகமும் சிலிக்கா கண்ணாடியும் அணுக்கணக்கில் ஒரே பொருள். ஒரு சிலிக்கானுக்கு இரண்டு ஆக்சிஜன். ஒவ்வொரு சிலிக்கானையும் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் நான்முகியின் முனைகளில் நிற்கின்றன. சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே சுமார் 0.16 நானோமீட்டர். இதுவரை இரண்டுக்கும் வேற்றுமை கிடையாது. ஒரு நான்முகி அடுத்த நான்முகியோடு ஆக்சிஜன் வழியாக இணையும் கோணத்தில்தான் வேற்றுமை பிறக்கிறது. படிகத்தில் அந்தக் கோணம் எங்கும் ஒன்றே. கண்ணாடியில் சராசரி 144 பாகை அளவில் இருக்க, ஒவ்வோர் இணைப்பும் அதிலிருந்து கொஞ்சம் கூடியோ குறைந்தோ திரும்பியிருக்கிறது.

இந்தச் சிறு திருப்பங்களை ஒலி உணர்ந்துகொள்கிறது. மின்சாரம் கடத்தாத திடப்பொருளில் வெப்பம் நகர்வதே மிக நுண்ணிய ஒலியலைகளின் ஓட்டத்தால்தான். 10 கெல்வின் குளிரில் குவார்ட்ஸ் படிகம் சிலிக்கா கண்ணாடியைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதே அணுக்கள், ஏறக்குறைய அதே தொலைவுகள். ஆனாலும் ஒன்றில் அலை தங்கு தடையின்றி நெடுந்தூரம் போகிறது, மற்றொன்றில் சீக்கிரமே தேய்கிறது.

ஒழுங்கில்லாத பொருளில் ஒலி ஒழுங்கில்லாமல் அழியும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. எந்த அதிர்வெண்ணில், எந்தக் குளிரில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ஒலி ஒவ்வொரு விதமாகத் தேய்கிறது. ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கணக்கும் கண்ணாடியின் உள்ளே நடக்கும் வேறொரு செய்தியைச் சொல்கிறது. திடப்பொருள் இயற்பியலில் இத்தனை நுணுக்கமான பகுதிகள் அதிகம் இல்லை. இந்தக் கணக்குகளின் நயங்கள் ஒவ்வொன்றாக நின்று பார்க்கத் தக்கவை.

முதல் நயம் தாமதத்தில் இருக்கிறது. 1955-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர்சன் ஆண்டர்சனும் ஹான்ஸ் போமலும் சிலிக்கா கண்ணாடிக்குள் மீயொலியைச் செலுத்தி, அதைக் குளிர்வித்துக்கொண்டே போனார்கள். குளிரக் குளிர அணுக்களின் ஆட்டம் அடங்கும், ஒலி எளிதாகப் போகும் என்பதே பொது எதிர்பார்ப்பு. ஆனால் 50 கெல்வினை ஒட்டிய பகுதியில் ஒலித் தேய்வு ஒரு பெரிய முகடாக எழுந்தது. குவார்ட்ஸ் படிகத்தில் அப்படி ஒரு முகடு கிடையாது. இரண்டு சிலிக்கான்களுக்கு இடையில் வளைந்து நிற்கும் ஆக்சிஜனுக்குக் கண்ணாடியில் சில இடங்களில் இரண்டு இருப்பிடங்கள் வாய்க்கின்றன. அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடியும் என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

அந்தத் தாவலுக்கும் ஒலிக்கும் உள்ள உறவைக் கவனிக்க வேண்டும். ஒலியலை கடக்கும்போது ஓரிடத்தை அழுத்துகிறது, பிறகு தளர்த்துகிறது. அழுத்தும்போது ஓர் இருப்பிடம் சற்றுச் சாதகமாகிறது, தளரும்போது மற்றது. தாவல் மிக வேகமாக நடந்தால் ஆக்சிஜன் அலையோடு ஒத்துப்போய்விடும், இழப்பு இல்லை. மிக மெதுவாக நடந்தால் அலை வந்து போனதே அதற்குத் தெரியாது, அப்போதும் இழப்பு இல்லை. தாவலின் வேகமும் அலையின் அதிர்வு வேகமும் ஒன்றுக்கொன்று நெருங்கும் இடத்தில்தான் ஆக்சிஜன் அலையின் பின்னால் தாமதித்து வருகிறது. அந்தத் தாமதம்தான் ஒலியின் ஆற்றலை வெப்பமாக்குகிறது. அதனால்தான் ஒலியின் அதிர்வெண்ணை மாற்றினால் முகடும் இடம் மாறுகிறது. அதிர்வெண் கூடினால் முகடு வெப்பமான பக்கம் நகரும், குறைந்தால் குளிர்ந்த பக்கம் நகரும். தேய்வு எங்கே உச்சம் தொடுகிறது என்று பார்த்தே, கண்ணாடிக்குள் ஓர் அணு எவ்வளவு உயரமான தடையைத் தாண்டுகிறது என்று அளந்துவிடலாம்.

இதன் மறுபக்கம் இன்னும் அழகானது. அறை வெப்பநிலையில் ஆக்சிஜன்கள் அதிவேகமாகத் தாவுவதால், கேட்கும் அதிர்வெண்களில் அவை ஒருபோதும் பின்தங்குவதில்லை. ஆகவே தூய சிலிக்கா கண்ணாடி அறையின் வெதுவெதுப்பில் வியப்பூட்டும் அளவுக்கு இழப்பில்லாத பொருளாகிறது. நன்கு பதப்படுத்திய சிலிக்காவில் ஒரு சுழற்சிக்கு எவ்வளவு குறைவாக ஆற்றல் சிதறுகிறது என்பதைக் காட்டும் தர எண் 10 கோடியைத் தாண்டியிருக்கிறது. ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ நிலையங்களில் தொங்கும் 40 கிலோ கண்ணாடி உருளைகளும், அவற்றைத் தாங்கும் 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழைகளும் சிலிக்காவால் ஆனவை. இழப்பு உள்ள இடத்தில் வெப்பத்தின் நடுக்கமும் இருக்கும். இழப்பு குறைந்தால் நடுக்கமும் குறையும். 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலை முதன்முதலாகப் பதிவானபோது, 4 கிலோமீட்டர் நீளக் கரங்களில் ஏற்பட்ட மாற்றம் ஒரு புரோட்டானின் அளவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது. அதைக் கேட்கும் அளவுக்கு அந்தக் கண்ணாடி அமைதியாக இருந்தது. அதே கண்ணாடியைக் குளிர்வித்தால் முகடு எழும், அமைதி போய்விடும். அதனால்தான் 20 கெல்வின் குளிரில் கண்ணாடிகளை வைக்க விரும்பிய ஜப்பானின் காக்ரா நிலையம் சிலிக்காவை விட்டு நீலக்கல் படிகத்தைத் தேர்ந்தது.

இரண்டாவது நயத்தைக் கேட்க 1 கெல்வினுக்கும் கீழே இறங்க வேண்டும். இங்கே தடையைத் தாண்டிக் குதிக்கும் அளவுக்கு எந்த அணுவிடமும் வெப்பம் இல்லை. எல்லாம் உறைந்து, படிகமும் கண்ணாடியும் ஒன்றுபோல் நடந்துகொள்ள வேண்டும் என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். அதற்குக் காரணமும் உண்டு. இந்தக் குளிரில் வெப்பத்தைச் சுமக்கும் அலைகள் பத்துக்கணக்கான நானோமீட்டர் நீளமானவை. தனித்தனி அணுவின் கோணல் அவ்வளவு நீண்ட அலையின் கண்ணுக்குப் படக்கூடாது. 1971-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செல்லர், போல் ஆகிய இருவரும் வெளியிட்ட அளவீடுகள் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தன. வெப்பநிலை பாதியானால் படிகத்தின் தன்வெப்பம் எட்டில் ஒரு பங்காகிறது. கண்ணாடியில் அது ஏறக்குறைய பாதியாக மட்டுமே குறைகிறது. வெப்பக் கடத்துதிறனும் படிகத்தின் விதியை விட்டு, ஏறக்குறைய வெப்பநிலையின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. உறைந்த கண்ணாடிக்குள் ஏதோ ஒன்று இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆண்டே, 1972-இல், ஒரு பக்கம் பிலிப் ஆண்டர்சன், ஹால்பெரின், வர்மா ஆகியோரும், மறுபக்கம் தனியாக பிலிப்ஸும் ஒரே விடையைச் சொன்னார்கள். ஓர் அணுவுக்கோ அணுக்களின் சிறு கூட்டத்துக்கோ அருகருகே இரண்டு இருப்பிடங்கள் இருந்து, நடுவில் தடை இருந்தால், தடையின் மேல் ஏறாமலே குவாண்டம் முறையில் அதை ஊடுருவிக் கடக்கலாம். அதற்கு வெப்பம் தேவையில்லை. அப்படிப்பட்ட ஒவ்வோர் அமைப்புக்கும் இரண்டே ஆற்றல் நிலைகள், கீழொன்று, மேலொன்று. கண்ணாடியின் ஒழுங்கின்மை இந்த இரண்டு நிலைகளின் இடைவெளியை எல்லா அளவிலும் பரப்பி வைக்கிறது. எந்த அதிர்வெண்ணில் ஒலியை அனுப்பினாலும் அதற்கு இசைந்த இடைவெளியோடு எங்கோ ஓர் அமைப்பு காத்திருக்கிறது. ஒலியின் ஒரு துணுக்கை விழுங்கிக் கீழிருந்து மேலே போகிறது.

கேட்பதற்கு இது ஊகம் போலத் தோன்றும். இதற்கு ஒலி தந்த சான்று அருமையானது. இரண்டே படிகள் உள்ள ஓர் அமைப்பை நிரப்பிவிட முடியும். பலமான ஒலியை அனுப்பினால் பாதி அமைப்புகள் மேல்படிக்குப் போய்விடும். அதன்பின் ஒலியை விழுங்குவதும் திருப்பித் தருவதும் சமமாகிவிடும். சாதாரண அதிர்வுக்கோ முடிவில்லாத படிகள் உண்டு, அது ஒருபோதும் நிரம்பாது. ஆகவே இந்த விளக்கம் சரியென்றால், கண்ணாடிக்குள் மெல்லிய ஒலி அதிகமாகத் தேய வேண்டும், உரத்த ஒலி குறைவாகத் தேய வேண்டும். 1972-இல் ஜெர்மனியில் ஹுங்க்லிங்கரும் அவருடைய குழுவினரும் சிலிக்கா கண்ணாடியில் அதையே கண்டார்கள். 1973-இல் பெல் ஆய்வகத்தில் கோல்டிங், கிரேப்னர் முதலானோரும் அதை உறுதிசெய்தார்கள். உரக்கச் சொன்னது கடந்து போகிறது, மெல்லச் சொன்னது உள்ளேயே நின்றுவிடுகிறது. குளிரைக் கூட்டினால் இந்த விழுங்கல் இன்னும் வலுக்கிறது. ஏனெனில் குளிர்ந்த கண்ணாடியில் அதிகமான அமைப்புகள் கீழ்ப்படியில், விழுங்கத் தயாராக நிற்கின்றன.

கோல்டிங்கும் கிரேப்னரும் அங்கே நிற்கவில்லை. 1976-இல் சில பத்து மில்லிகெல்வின் குளிரில் கண்ணாடிக்குள் ஒரு ஒலித்துடிப்பை அனுப்பினார்கள். சிறிது நேரம் கழித்து இரண்டாவது துடிப்பு. பிறகு எதையும் அனுப்பாமல் காத்திருந்தார்கள். இரண்டு துடிப்புகளுக்கும் இடையே இருந்த அதே இடைவெளி கழிந்ததும் மூன்றாவதாக ஒரு துடிப்பு கண்ணாடியிலிருந்தே எழுந்தது. இது சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலி அல்ல. முதல் துடிப்பை விழுங்கிய அமைப்புகள் ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் கட்டம் பிரிந்து போயிருந்தன. இரண்டாவது துடிப்பு அவற்றைத் திருப்பிவிட்டது. பிரிந்த அதே அளவு நேரத்தில் அவை மீண்டும் கட்டம் சேர்ந்து ஒன்றாக ஒலித்தன. அணுக்கருச் சுழற்சிகளில் 1950-இல் ஹான் கண்ட அதே நிகழ்வு, ஒழுங்கற்ற ஒரு திடப்பொருளின் ஒலியில். தேய்ந்துபோனதாக நாம் எழுதிவிட்ட ஒலியில் ஒரு பகுதி, தன் நினைவு கெடாமல் கண்ணாடிக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பதை இதைவிட நேரடியாகக் காட்ட முடியாது.

மூன்றாவது நயம் ஒரு எண். சிலிக்கா கண்ணாடி, பாலிமர் கண்ணாடி, உலோகக் கண்ணாடி என்று வேதியியலில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பொருள்களை எடுத்து, 1 கெல்வினுக்குக் கீழே ஒலி எவ்வளவு தூரம் போய்த் தேய்கிறது என்று அளந்தால், அந்தத் தூரம் அலைநீளத்தின் சுமார் 150 மடங்கை ஒட்டியே வருகிறது. 1986-இல் ஃப்ரீமனும், முன்சொன்ன இருவர் அல்லாத வேறோர் ஆண்டர்சனும் இந்த ஒற்றுமையைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். ஒன்றில் இருப்பிடம் மாறுவது ஆக்சிஜன், மற்றொன்றில் கரிமச் சங்கிலியின் ஒரு துண்டு, இன்னொன்றில் உலோக அணுக்கள். இரட்டை நிலைகளின் அடர்த்தியும் வேறு, அவை ஒலியோடு பிணையும் வலிமையும் வேறு, பொருளின் விறைப்பும் வேறு. ஆனாலும் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை ஒரே வட்டாரத்தில் விழுகிறது. ஒழுங்கின்மைக்கு இப்படி ஒரு பொதுக்கட்டுப்பாடு ஏன் என்ற கேள்வி இன்றும் இயற்பியலாளர்களை உறங்கவிடவில்லை. இரட்டை நிலைகள் ஒன்றையொன்று ஒலி வழியாகவே பாதித்து, தங்களுக்குள் இந்த அளவைத் தீர்மானித்துக்கொள்கின்றன என்று 1988-இல் கிளேர் யூவும் லெகெட்டும் முன்வைத்த எண்ணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

அதிர்வெண்ணை இன்னும் உயர்த்தினால் தேய்வின் தன்மையே மாறுகிறது. ஒரு வினாடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வு, அதாவது 1 டெராஹெர்ட்ஸ். சிலிக்காவில் இங்கே ஒலியின் அலைநீளம் நான்கிலிருந்து ஆறு நானோமீட்டர்; ஓர் அலைக்குள் வரிசையாகப் பத்துப் பதினைந்து, இருபது நான்முகிகளே அடங்கும். இந்த அளவை நெருங்கும்போது அலை கண்ணாடியின் கோணல்களை நேராகவே சந்திக்கிறது. இங்கே ஒலி விழுங்கப்படுவதில்லை. சிதறிப் பல திசைகளில் பிரிகிறது. அந்தச் சிதறல் அதிர்வெண்ணின் நான்காம் படியில் கூடுகிறது. அதிர்வெண் இரட்டித்தால் சிதறல் 16 மடங்கு. வானம் ஏன் நீலம் என்று 1871-இல் ராலே கண்ட விதி இதுவே. காற்றில் ஒளிக்கு நடப்பது கண்ணாடியில் ஒலிக்கு நடக்கிறது.

இதை நேரடியாகக் காண எக்ஸ் கதிர் தேவைப்பட்டது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள ஐரோப்பிய சின்குரோட்ரான் நிலையத்தில், எக்ஸ் கதிரின் ஆற்றலில் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு மாற்றத்தைப் பிரித்தறிந்து, நானோமீட்டர் நீள ஒலியை அளக்கிறார்கள். 2009-இல் மொனாகோவும் ஜோர்டானோவும் கிளிசரால் கண்ணாடியிலும், 2010-இல் பால்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் சிலிக்கா கண்ணாடியிலும் இந்த நான்காம் படியைக் கண்டார்கள். கிளிசராலில் இன்னொரு நுட்பமும் தெரிந்தது. தேய்வு இப்படி வேகமெடுக்கும் அதே பகுதியில் ஒலியின் வேகமும் சற்றுக் குறைகிறது. சிதறும் அலை தயங்கவும் செய்கிறது. அதைத் தாண்டினால் தேய்வின் ஏற்றம் மீண்டும் வர்க்கமாகத் தணிகிறது. இந்த மாற்றம் நிகழும் இடம், கண்ணாடிகளில் குறைந்த அதிர்வெண் அதிர்வுகள் அளவுக்கு மீறிக் குவியும் போசான் முகட்டை ஒட்டியே அமைகிறது. அந்தக் குவியலின் தொடக்க காலப் பதிவுகளில் ஒன்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராமனின் மாணவர் ஆர். எஸ். கிருஷ்ணன் 1953-இல் வெளியிட்ட உருகிய குவார்ட்சின் ராமன் நிறமாலை.

ஏன் சிதறுகிறது என்ற கேள்வியில் இத்துறையின் ஆகப் புதிய நயம் இருக்கிறது. கண்ணாடியில் ஓரிடம் சற்று விறைப்பாகவும் வேறோரிடம் சற்று நெகிழ்வாகவும் இருப்பதால் சிதறுகிறது என்பது எளிய விடை. 2019-இல் கரோலியும் லெமேத்ரும் கணினிக் கண்ணாடிகளில் சோதித்தபோது, அந்த விடை உண்மையான சிதறலை மிகவும் குறைத்தே மதிப்பிட்டது. விடுபட்டது அணுக்களின் பக்கவாட்டு நகர்வு. தேர் வடம் பிடித்தவர்கள் வரிசையில் நின்றால் இழுப்புக்கு எல்லோரும் ஒரே திசையில் அடியெடுத்து வைப்பார்கள். நெரிசலில் நின்றால் அதே இழுப்புக்கு ஒருவர் இடப்புறம் ஒதுங்குவார், ஒருவர் பின்னால் சரிவார். எளிய படிகத்தில் அணுக்கள் வரிசையில் நிற்கின்றன. கண்ணாடியில் ஒவ்வொரு அணுவின் மீதும் சுற்றியுள்ள விசைகள் சமன்படாமல் போவதால் அது அலை சொன்ன திசையை விட்டுக் கொஞ்சம் விலகி நகர்கிறது. இந்த விலகல்களே சிதறலின் பெரும்பங்கு என்று 2022-இல் ஸாமெலும் ஃப்ளென்னரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒலியைத் தேய்ப்பது பொருளின் கோணல் மட்டுமன்று, அலைக்கு அந்தப் பொருள் தரும் பதிலின் கோணலும்தான்.

அப்படியானால் நன்றாக அமைந்த கண்ணாடி, மோசமாக அமைந்த கண்ணாடி என்று தரம் பிரிக்க முடியுமா? காலம் கொடுத்தால் கண்ணாடி சீராகுமா? 2014-இல் மிகுவேல் ராமோஸின் மாட்ரிட் குழு பங்கேற்ற இரண்டு ஆய்வுகள் இதற்கு எதிரெதிரான விடைகள் தந்தன. ஸ்பெயினின் எல் சொப்லாவோவில் கிடைத்த, 11 கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் இறுகிய ஆம்பர் பிசின் ஒன்று. அதன் இரட்டை நிலைகளின் அளவு, அதையே சூடாக்கி இளமையாக்கிய மாதிரிகளில் இருந்ததற்குத் துல்லியமாகச் சமம். 11 கோடி ஆண்டுகள் அவற்றில் ஒன்றையும் குறைக்கவில்லை. மற்றொன்று இண்டோமெதசின் என்னும் மருந்து. அதை ஆவியாக்கி, தகுந்த வெப்பநிலையில் வைத்த தளத்தில் மெதுவாகப் படியவைத்த கண்ணாடியில் இரட்டை நிலைகள் ஏறக்குறைய இல்லாமலே போயின. மேற்பரப்பில் வந்து அமரும் ஒவ்வொரு மூலக்கூறும் புதைந்துபோகும் முன் தனக்குரிய இடத்தைத் தேடிக்கொள்ள நேரம் பெறுகிறது. பூமிக்குள் கிடந்த நெடுங்காலத்தால் முடியாதது, மேற்பரப்பில் கிடைத்த சிறு அவகாசத்தாலும் அது உண்டாக்கும் அடுக்கு அமைப்பாலும் முடிந்தது.

சிலிக்கானில் இந்தப் பாடம் நேரடியாக ஒலியிலேயே கேட்டது. 1997-இல் ஷியாவ் லியூ, முன்சொன்ன கார்னெலின் போல் முதலானோர் ஒரு சதவீத அளவு ஹைட்ரஜன் கலந்த படிகமற்ற சிலிக்கான் படலத்தில் ஒலி இழப்பை அளந்தார்கள். அது வழக்கமான படிகமற்ற சிலிக்கானைவிட 200 மடங்குக்கு மேல் குறைவாக இருந்தது. எல்லாக் கண்ணாடிகளையும் கட்டிவைத்திருந்த அந்தப் பொது எண்ணுக்கு முதல் விலக்கு அது. காரணம் ஹைட்ரஜனோ என்ற ஐயமும் நீடிக்கவில்லை. 2014-இல் லியூவும் ஃபிரான்சிஸ் ஹெல்மனின் குழுவினரும் ஹைட்ரஜனே இல்லாமல், சூடான தளத்தில் வளர்த்த சிலிக்கானிலும் அதே அமைதியைக் கண்டார்கள். இரண்டு படலங்களும் படிகமல்ல. எக்ஸ் கதிருக்கு இரண்டும் ஒழுங்கற்றவையே. ஒலி அவற்றுக்கும் பழைய படலத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமையைப் பிரித்துச் சொன்னது.

இதன் பயன் இன்று லைகோவில் நேராகத் தேவைப்படுகிறது. அங்குள்ள சிலிக்கா உருளைகள் அமைதியானவை, ஆனால் ஒளியைத் திருப்பி அனுப்ப அவற்றின் முகத்தில் பூசிய சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள டாண்டலம் ஆக்சைடு அடுக்குகள் அவ்வளவு அமைதியானவை அல்ல. கருவி மிகக் கூர்மையாகக் கேட்கும் அதிர்வெண்களில் அதன் செவியைக் கட்டுப்படுத்துபவற்றில் முக்கியமானது அந்த மெல்லிய கண்ணாடிப் பூச்சின் இழப்பு. ஆகவே எந்தத் தளத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு மெதுவாகப் படலத்தைப் படியவைத்தால் அணுக்கள் இரண்டாம் இருப்பிடம் தேடாமல் அமரும் என்று பல ஆய்வகங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்கின்மை எல்லாம் ஒன்றல்ல, அதற்குள்ளும் செம்மை உண்டு, அந்தச் செம்மையைக் கையால் ஆக்க முடியும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒலியின் தேய்வு. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதைப் பொறுமையாக அளந்தவர்களின் உழைப்புக்கு இதைவிடத் தக்க பெருமை வேண்டியதில்லை.